அமெரிக்க வீடுகளின் தெர்மாகோல் சுவர்: பணம் அனுப்புமுன் அறிய வேண்டியவை

நம் சங்க உறுப்பினர்கள் பலருடைய பிள்ளைகள் இன்று அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஒரு தலைமுறைக்கு முன் மளிகைக் கடைக்காரர் மகன் கல்லாவுக்கே வந்து உட்கார்ந்தான். இப்போது கம்ப்யூட்டர் படித்து விமானம் ஏறிவிடுகிறான். போய்ச் சில ஆண்டுகளில் வீடு வாங்கும் பேச்சு வருகிறது. வேறு சிலர் அங்கும் நம் தொழிலை விடாமல் பலசரக்குக் கடை பிடிக்கிறார்கள், மோட்டல் எனப்படும் வழி விடுதியில் பங்கு போடுகிறார்கள். முன்பணத்தில் ஒரு பகுதி இங்குள்ள தகப்பனார் கையிலிருந்து போவதும், அதற்காக இங்கே ஒரு மனை கைமாறுவதும் நாம் அறிந்ததே. அப்படி வாங்கும் கட்டடத்தின் வெளிச்சுவர் எதனால் ஆனது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. போட்டோவில் சந்தன நிறத்தில் வழவழவென்று, நம் செட்டிநாட்டுச் சுவர் போலத் தெரிகிறது. அத்தோடு திருப்தி அடைந்துவிடுகிறோம்.

அந்தச் சுவர்களில் பல, சிமெண்டுப் பூச்சே அல்ல. தெர்மாகோல் பலகையின் மேல் பூசிய ஒரு மெல்லிய பூச்சு. அங்கே இதைச் 'சிந்தெடிக் ஸ்டக்கோ' என்று சொல்கிறார்கள். கட்டடக்காரர்கள் 'ஈ.ஐ.எஃப்.எஸ்.' என்ற நான்கு எழுத்தைச் சேர்த்து 'ஈஃப்ஸ்' என்பார்கள். வெளிப்புறத்தில் வெப்பத்தடுப்பும் பூச்சும் சேர்ந்த முறை என்பது அதன் பொருள். ஜார்ஜியா, வட கரோலைனா போன்ற தென்கிழக்கு மாநிலங்களில் 1980களிலும் 1990களிலும் கட்டிய வீடுகளில் இது நிறைய உண்டு. நம் பிள்ளைகள் அதிகமாகக் குடியேறும் அட்லாண்டா, சார்லட், ராலே வட்டாரங்கள் இந்த மாநிலங்களில்தான் இருக்கின்றன.

கண்டுபிடிப்பது எளிது. விரல் மொட்டியால் தட்டிப் பார்த்தால் உண்மையான சிமெண்டுச் சுவர் 'தொம்' என்று கனமாகச் சொல்லும். இது உள்ளே ஒன்றுமில்லாத பெட்டி போல் ஒலிக்கும். கட்டை விரலால் அழுத்தினால் சிறிது அமுங்குவதும் உண்டு.

உள்ளே இருப்பது இதுதான். மரச் சட்டங்களை நிறுத்தி, அதன்மேல் பிளைவுட்டோ மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திய பலகையோ அடித்திருப்பார்கள். அந்தப் பலகைமேல் தெர்மாகோல் பலகையை ஒட்டுகிறார்கள். கனம் முக்கால் அங்குலத்திலிருந்து 4 அங்குலம் வரை. தெர்மாகோல் மேல் ஒரு அடிப்பூச்சு. அது ஈரமாக இருக்கும்போதே கண்ணாடி இழையால் நெய்த வலையை அதில் பதிக்கிறார்கள். காய்ந்தபின் அக்ரிலிக் கலந்த மணல் பூச்சு ஒன்று. நிறமும் சொரசொரப்பும் இந்தக் கடைசிப் பூச்சில் வருபவை. வலையும் இரண்டு பூச்சுகளும் சேர்ந்தால் கனம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். மழைக்கும் வெயிலுக்கும் நிற்பது இந்த 3 மில்லிமீட்டர்.

இப்படி எழுதியதால் இதை மட்டச் சரக்கு என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு அங்குலத் தெர்மாகோல் தடுக்கும் வெப்பத்தைச் செங்கல்லால் தடுக்க வேண்டுமானால் ஏறக்குறைய ஒன்றரை அடிச் சுவர் வேண்டும். குளிர்நாட்டில் வீட்டைச் சூடாக்கும் செலவும், வெப்ப நாட்டில் ஏ.சி. மின்கட்டணமும் குறைகின்றன. சுவருக்குள் அடைக்கும் பஞ்சு, சட்டங்களின் இடைவெளியை மட்டுமே காக்கிறது. இதுவோ வெளியிலிருந்து முழு வீட்டுக்கும் கம்பளி போர்த்தியது போல் நிற்கிறது. தூண், வளைவு, கொடுங்கை என்று எந்த வடிவம் வேண்டுமானாலும் தெர்மாகோலில் வெட்டி ஒட்டலாம். கல் வேலை போலவே தெரியும், கல்லின் விலையில் ஒரு சிறு பங்கு போதும். அமெரிக்கர்கள் மயங்கியதில் வியப்பில்லை.

முறை பிறந்தது ஜெர்மனியில். உலகப் போருக்குப் பின் நகரங்களை மீண்டும் கட்டிய 1950களில், இடியாமல் நின்ற செங்கல், கான்கிரீட் சுவர்களின்மேல் இதை ஒட்டினார்கள். அமெரிக்காவில் 1969இல் ரோட் ஐலண்டு மாநிலத்தில் தொடங்கிய ட்ரைவிட் என்ற நிறுவனம் இதைப் பரப்பியது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் எரிபொருள் சிக்கனம் எல்லோர் வாயிலும் அடிபட, வியாபாரம் பெருகியது. முதலில் அலுவலகங்கள், கடைத் தொகுதிகள். பிறகு வீடுகள்.

இந்த இடத்தில்தான் ஒரு மாற்றம் நடந்தது. ஜெர்மனியில் பூச்சுக்குப் பின்னால் நின்றது செங்கல். தண்ணீர் கொஞ்சம் புகுந்தாலும் செங்கல் குடித்துக்கொண்டு மெல்லக் காயும், செங்கல் மக்குவதில்லை. அமெரிக்க வீட்டில் பின்னால் நின்றது மரமும் மரச்சீவல் பலகையும். சரக்கு அதேதான், போட்ட இடம் வேறு.

வில்மிங்டன் சொன்ன பாடம்

வட கரோலைனாவில் கேப் ஃபியர் ஆற்றங்கரையில், கடலுக்குப் பக்கத்தில் உள்ள துறைமுக நகரம் வில்மிங்டன். மழைக்கும் புயலுக்கும் பேர் போன இடம். 1995இல் அங்கே, கட்டிச் சில ஆண்டுகளே ஆன, வெளியே ஒரு கீறல்கூட இல்லாத ஈஃப்ஸ் வீடுகளின் சுவரைத் திறந்து பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். பலகை கையோடு வந்தது. சட்டம் இற்று, கரும் பூஞ்சணம் பிடித்து, சில இடங்களில் ஈரத்தைத் தேடி வந்த கரையானும் குடியிருந்தது. ஒன்றிரண்டு வீடுகளில் அல்ல; சோதித்த வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் ஈரம் இருந்தது. கட்டியவர்களை மட்டும் குற்றம் சொல்லித் தப்ப முடியாத அளவுக்கு விஷயம் பெரிதாகி, வழக்குகள் வந்தன. 1996இல் அந்த மாநிலம் தன் கட்டட விதியையே மாற்றி, வீடுகளில் இனி இதைப் போட்டால் பின்புறம் தண்ணீர் வடிய வழி வைத்தே போட வேண்டும் என்றது. காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் கட்டுமானக்காரர்களின் பாலிசியில் ஈஃப்ஸ் வேலையை விலக்கி எழுதத் தொடங்கின. இன்ஷூரன்ஸ்காரர் ஒன்றை விலக்குகிறார் என்றால் கணக்குப் பார்த்துத்தான் விலக்குவார் என்பது வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தண்ணீர் எங்கே புகுந்தது? பூச்சின் வழியாக அல்ல. நாம் எல்லோரும் முதலில் அப்படித்தான் நினைப்போம். பூச்சு நன்றாகவே தண்ணீரைத் தடுத்தது. ஜன்னல் சட்டத்தின் கீழ் மூலைகளில், கூரை வந்து சுவரில் முடியும் இடத்தில், மரத் திண்ணையைச் சுவரோடு முடுக்கிய இடத்தில், குழாய்க்கும் விளக்குக்கும் போட்ட துளையில் தண்ணீர் இறங்கியது. இறங்கிய தண்ணீருக்கு வெளியேற வழி இல்லை. வெளியே பிளாஸ்டிக் பூச்சும் தெர்மாகோலும், உள்ளே பல வீடுகளில் பாலிதீன் தாளும். நடுவில் மரம் மாட்டிக்கொண்டது.

இதை நம் தொழிலை வைத்துப் பார்த்தால் உடனே விளங்கும். துவரம் பருப்பைச் சணல் சாக்கில் பிடித்து அட்டி போட்டால் மழைக்காலத்தில் கொஞ்சம் ஈரம் வாங்கும். வெயில் அடித்ததும் சாக்கின் கண் வழியே அது போய்விடும். அதே பருப்பைப் பாலிதீன் உறை போட்ட மூட்டையில் பிடித்தால் வெளி ஈரம் அண்டாது. ஆனால் தையலில் ஒரு பொத்தல் விழுந்து, கூரை ஒழுக்கு அதன்மேல் சொட்டினால் அந்தத் தண்ணீர் உள்ளேயே கிடக்கும். மூட்டை வெளியே பளபளவென்றிருக்கும். அட்டி பிரிக்கும் நாளில்தான் சூடும் வாடையும் தெரியும். சாக்கு மூட்டையை அடிக்கடி உருட்டி வெயில் காட்டுகிறோம். பாலிதீன் மூட்டைக்கு அந்த வேலை இல்லை, அதற்குப் பதில் தையலைப் பார்க்க வேண்டும். தையலையும் பார்க்க மாட்டேன் என்பவன் பாலிதீன் மூட்டையில் சரக்குப் பிடிக்கக் கூடாது. ஈஃப்ஸ் சுவருக்கும் இதுவே சட்டம்.

இந்தச் சங்கடம் ஒரு ஊரோடு நிற்கவில்லை. கனடாவில் வான்கூவர் நகரத்து அடுக்குமாடிகள் வேறுவகைப் பூச்சுகளோடும் இதே மாதிரி ஒழுகி, 1998இல் முன்னாள் முதலமைச்சர் டேவ் பாரெட் தலைமையில் விசாரணைக் குழு போட நேர்ந்தது. நியூசிலாந்தில் ஒழுகும் வீடுகளுக்கென்றே 2002இல் தனிச் சட்டம் வந்தது. பொருள் வேறு, நாடு வேறு, காரணம் ஒன்றே: தண்ணீர் புகவே புகாது என்று நம்பிக் கட்டிய சுவர்.

பழையதும் புதியதும்

1990களின் பிற்பாதிக்குப் பின் வந்த புதிய முறையில் தெர்மாகோலுக்குப் பின்னால், பலகைமேல் தண்ணீர் புகாத ஒரு பூச்சோ தாளோ போடுகிறார்கள். பசையை முழுக்க அப்பாமல் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இழுக்கிறார்கள். அல்லது பலகையின் முதுகிலேயே காடி வெட்டியிருக்கும். புகுந்த தண்ணீர் அந்த வழியே இறங்கி, சுவரின் அடியில் உள்ள துளைகளால் வெளியே சொட்டும். அமெரிக்க அரசின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் தென் கரோலைனாவின் ஈரக் காற்றில் பலவகைச் சுவர்களைக் கட்டி வைத்து அளந்ததில், இந்த வடிகால் முறைச் சுவர்கள் செங்கல் முகப்புச் சுவர்களுக்குச் சளைக்காமல் நன்றாகவே நின்றன. அந்த ஆய்வுக்கு இத்தொழில் நடத்துவோர் சங்கமும் பணம் போட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். என்றாலும் அளவீடு அளவீடுதான். நம் அபிப்பிராயத்தில், வடிகால் உள்ள புதிய ஈஃப்ஸ் வீட்டைக் கண்டு பயப்படத் தேவையில்லை. 1996க்கு முன் கட்டிய மர வீடு என்றால் மட்டும் விலை பேசுமுன் சுவரைப் பேச வேண்டும்.

இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல்தான் இருக்கும். சுவரின் அடியோரத்தில் வடிகால் துளை தெரிகிறதா என்று பார்க்கலாம். கட்டியவரின் காகிதம், பொருள் கொடுத்த நிறுவனத்தின் உத்தரவாதத் தாள், பழுது பார்த்த பில் இவற்றைக் கேட்க வேண்டும். இவை எதுவும் இல்லை என்றால் பழைய முறை என்றே வைத்துக்கொண்டு சோதிப்பதுதான் புத்திசாலித்தனம்.

சோதனை இரண்டு வகை. ஒரு கருவியைச் சுவர்மேல் வைத்து நகர்த்தினால் உள்ளே ஈரம் இருக்கும் இடத்தில் ஓசை கொடுக்கும்; இது குத்துமதிப்பு. சந்தேகப்பட்ட இடத்தில் இரண்டு சிறு துளை போட்டு, நீண்ட ஊசிகளை மரம் வரை செலுத்திப் படிப்பது இரண்டாவது. மரத்தின் ஈரம் 19 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. 20க்கு மேல் என்றால் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது. 30ஐத் தாண்டினால் மரம் இற ஆரம்பித்திருக்கும் என்றே கொள்ளலாம். துளைகளைப் பிறகு சீலன்ட் வைத்து அடைத்துவிடுவார்கள்.

நம் சங்கத்து அண்ணாச்சி ஒருவரின் மகன் சார்லட் நகருக்கு வெளியே 1994இல் கட்டிய வீடு ஒன்றை விலை பேசினான். வீட்டை முழுமையாகப் பார்க்கும் சாதாரணச் சோதனைக்கு மேல், சுவருக்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள் என்று தகப்பனாருக்கு ஃபோன் செய்தான். "குடுத்துருப்பா. குத்தூசி போடாம நாம என்னைக்கு மூட்டை எடுத்திருக்கோம்?" என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். அங்கேயும் குத்தூசிதான் என்பது அவருக்கு அப்போது தெரியாது. சுவரின் மற்ற இடங்களில் 12, 14 என்று வந்த ஊசி, மேற்குப் பக்கம் இரண்டு ஜன்னல்களின் கீழ் மூலையில் 30க்கு மேல் காட்டியது. திறந்தபோது ஜன்னலுக்குக் கீழே ஒரு முழ அகலத்துக்குப் பலகை கருத்திருந்தது. விற்பவர் அந்தப் பகுதியை மாற்றிக் கொடுத்து, விலையிலும் குறைத்துக்கொண்டார். வாங்கியபின் தெரிந்திருந்தால் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டுமா?

பராமரிப்பில் பார்க்க வேண்டியவை

சுவரைப் பராமரிப்பது என்றால் நமக்கு நினைவு வருவது பெயிண்ட் அடிப்பது. ஈஃப்ஸ் சுவருக்குப் பெயிண்ட் கடைசி வேலை. முதல் வேலை இணைப்புகள். ஆண்டுக்கு ஒரு தரமாவது, முடிந்தால் குளிருக்கு முன்னும் பின்னும், வீட்டைச் சுற்றி வந்து ஜன்னல், கதவு, குழாய், விளக்கு, மின் பெட்டி ஆகியவை சுவரைத் தொடும் ஒவ்வொரு கோட்டையும் பார்க்க வேண்டும். அந்தக் கோட்டில் சீலன்ட் என்ற ரப்பர் போன்ற பொருள் இருக்கும். அது சுருங்கி ஒரு பக்கம் விட்டிருந்தாலும், வெடித்திருந்தாலும், கல்லாகக் கெட்டிப்பட்டிருந்தாலும் மாற்றியாக வேண்டும்.

மாற்றுவதிலும் முறை உண்டு. பழையதன் மேலேயே புதியதை அப்பிவிட்டுப் போகும் ஆட்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அது நிற்காது. பழையதைச் சுத்தமாக வெட்டி எடுத்து, இடைவெளியில் நுரைக் கயிறு ஒன்றை முதலில் செருகி, அதன்மேல் சீலன்ட் வைக்க வேண்டும். நுரைக் கயிறு எதற்கென்றால், சீலன்ட் இரு பக்கமும் மட்டும் ஒட்டி நடுவில் விடுதலையாக இருந்தால்தான் வெயிலுக்கும் குளிருக்கும் இழுபட்டுச் சுருங்கும். முதுகிலும் ஒட்டிக்கொண்டால் கிழிந்துவிடும். இன்னொன்று: சீலன்ட், வலை பதித்த அடிப்பூச்சில் ஒட்ட வேண்டும், மேலே உள்ள நிறப் பூச்சில் அல்ல. நிறப் பூச்சு தொடர்ந்து நனைந்தால் இளகி, சீலன்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு உரியும்.

இவ்வளவு செய்தும் ஜன்னலே ஒழுகினால் என்ன செய்வது? வில்மிங்டனில் பல இடங்களில் நடந்தது அதுதான். ஜன்னலைச் சுற்றிய கோடு சரியாக இருந்தது. ஜன்னல் சட்டத்தின் மூலை இணைப்பு விட்டு, தண்ணீர் சட்டத்துக்கு உள்ளாகவே சுவருக்குள் இறங்கியது. வெளியே எவ்வளவு சீலன்ட் அப்பினாலும் இதைத் தடுக்க முடியாது. ஜன்னலுக்கு அடியில் தட்டு போல் ஒரு தகரமோ சவ்வோ மடித்து வைத்து, சொட்டும் தண்ணீரை முன்பக்கம் வெளியே தள்ள வேண்டும். ஜன்னல் மாற்றும் வேலை வந்தால் இந்தத் தட்டு வைக்காமல் விடக் கூடாது.

கூரை ஓரம் சுவரில் வந்து முடியும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மடித்த ஒரு தகரத் துண்டு இருக்க வேண்டும். கூரையில் ஓடி வரும் மழைநீரைச் சுவரிலிருந்து விலக்கித் தூம்புக்குள் தள்ளுவது அதன் வேலை. 'கிக்-அவுட்' என்பார்கள். அது இல்லாவிட்டால் கூரைத் தண்ணீர் முழுவதும், ஒவ்வொரு மழைக்கும், பூச்சின் பின்புறம் இறங்கும். பல வீடுகளில் ஒரு மாடிச் சுவர் முழுக்க இற்றுப்போனது இந்தச் சிறு தகரம் இல்லாததால்தான். போட்டோ அனுப்பச் சொல்லும்போது வரவேற்பறையை விட்டுவிட்டு இந்த மூலையை அனுப்பச் சொல்லலாம்.

சுவரின் அடி மண்ணைத் தொடக் கூடாது. குறைந்தது 6 அங்குலம் மேலே நிற்க வேண்டும். பூச்செடிக்காக மண்ணும் மரத்தூளும் கொட்டி மேடாக்கி அதை மூடிவிடுவது வீட்டுக்காரர்கள் வழக்கம். தெர்மாகோல் கரையானுக்கு உணவல்ல, ஆனால் யாருக்கும் தெரியாமல் மரத்துக்கு ஏறிப் போக அதைவிட நல்ல பாதை கிடையாது. தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் சுவர்மேல் அடிக்காதபடி திருப்பி வைக்க வேண்டும். செடி கொடிகளைச் சுவரிலிருந்து தள்ளியே வெட்ட வேண்டும். காற்றுப்படாத சுவர் பாசி பிடிக்கும்.

பாசியும் அழுக்கும் படிந்தால் மிருதுவான புருசும் இலேசான சோப்புத் தண்ணீரும் போதும். கார் கழுவும் வேகக் குழாயைக் கிட்டே வைத்து அடித்தால் பூச்சு பிய்ந்துவிடும், தண்ணீரையும் நாமே இணைப்புக்குள் செலுத்துவோம். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் ஆகியவை கிட்டேயே வரக் கூடாது. தெர்மாகோல் துண்டு ஒன்றைப் பெட்ரோலில் போட்டுப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும், கரைந்து பிசினாகிவிடும்.

இடித்து ஓட்டை விழுந்தால் சிமெண்டு வைத்து அடைப்பது தவறு. கெட்ட பகுதியைச் சதுரமாக வெட்டி எடுத்து, புதுத் தெர்மாகோல் பொருத்தி, வலையைப் பழைய வலைமேல் இரண்டரை அங்குலம் ஏறும்படி பதித்துப் பூச வேண்டும். நிறம் சரியாகப் பொருந்தாது. அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான், அல்லது அந்தச் சுவர் முழுதும் மேல்பூச்சு கொடுக்க வேண்டும். விசித்திரமான ஒரு சேதமும் உண்டு. மரங்கொத்திப் பறவைக்கு இந்தப் பொய்யான ஒலி மிகவும் பிடிக்கும். உள்ளே பொந்து இருப்பதாக நினைத்துக் கொத்திக் கொத்தி முழு ஓட்டையே போட்டுவிடும். உடனே அடைக்காவிட்டால் மழை அந்த வழியே வரும்.

பெயிண்ட் அடிப்பதானால் ஈரத்தை வெளிவிடும் அக்ரிலிக் வகையாக இருக்கட்டும். கறுப்பு, அடர்நீலம் போன்ற நிறங்கள் ஆகாது. சுமார் 70 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தாண்டினால் தெர்மாகோல் இளகும். வெயிலில் நிற்கும் கரும் சுவர் அந்த அளவை நெருங்கிவிடும். ஒளியில் குறைந்தது 20 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நிறமே பூச வேண்டும் என்பது இத்தொழிலில் நெடுங்கால விதி.

தீயைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெர்மாகோல் எரியும் பொருள். முழுமையாக வலையும் அடிப்பூச்சும் மூடியிருக்கும் வரைதான் காப்பு. 2008 ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரின் மான்டி கார்லோ ஓட்டல் மொட்டை மாடியில் வெல்டிங் செய்தபோது பறந்த பொறியில், வெளிச்சுவரின் நுரை அலங்காரங்கள் பற்றி வரிசையாக எரிந்தன. ஆகவே இந்தச் சுவர் அருகே வெல்டிங், கரி அடுப்பு இரண்டும் கூடாது. லண்டனில் 2017 ஜூன் 14 அன்று 72 பேரைப் பலிகொண்ட கிரென்ஃபெல் மாடிக் கட்டடம் ஈஃப்ஸ் அல்ல. அலுமினியத் தகடுகளின் நடுவே பாலிதீன் வைத்த ஒட்டுத் தகடு. நம் ஊர்க் கடை முகப்புகளில் ஏ.சி.பி. என்று அடிப்பதும் அதே இனம்தான். நடுவில் என்ன வைத்திருக்கிறது என்று கேட்டு வாங்க வேண்டியது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

கடை பிடிப்பவர்களுக்கு

வீட்டைவிடக் கடையில் சிக்கல் அதிகம். நெடுஞ்சாலை ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு கடைகள் ஒட்டி நிற்க, முன்னால் கார் நிறுத்தும் வெளி; இதை 'ஸ்ட்ரிப் மால்' என்பார்கள். நம்மவர் பலசரக்குக் கடைகள் பெரும்பாலும் இவற்றில்தான் வருகின்றன. கடை நெற்றியில் போர்டு மாட்டும் அகலப் பட்டை பல இடங்களில் ஈஃப்ஸ். ஒவ்வொரு வாடகைக்காரரும் தம் போர்டை முடுக்க எட்டுப் பத்துத் துளை போடுவார். அவர் போனதும் போர்டு போகும், துளைகள் நிற்கும். அடுத்தவர் வேறு இடத்தில் துளை போடுவார். ஐந்தாவது வாடகைக்காரராக நம் பையன் நுழையும்போது அந்தப் பட்டை சல்லடையாக இருக்கும். மேலே பெயிண்ட் அடித்திருப்பதால் தெரியாது. ஒழுக்கு கடைக்குள் அரிசி அட்டியின்மேல் இறங்கும்போதுதான் தெரியும். தட்டையான கூரை என்பதால் பட்டையின் உச்சியும் முக்கியம். அங்கே தகர மூடி இருக்க வேண்டும். மூடி இல்லாமல் பூச்சாகவே விட்டிருந்தால் 12 அங்குலத்துக்கு 6 அங்குலம் சரிவாவது இருக்க வேண்டும். சமமாக விட்டால் தண்ணீர் தேங்கி, பூச்சு இளகிப்போகும்.

நம் போர்டை மாட்டும்போது திருகைத் தெர்மாகோலில் விட்டு முடுக்கக் கூடாது. போர்டின் பாரத்தைத் தெர்மாகோல் தாங்காது. பின்னால் உள்ள மரத்தையோ இரும்பையோ பிடிக்கும் நீளத் திருகு வேண்டும். திருகு செல்லும் வழியில் குழாய் உறை போட்டால் முடுக்கும்போது பூச்சு உள்ளே அமுங்காது. ஒவ்வொரு துளையிலும் சீலன்ட். ஆளுயரம் வரை, தள்ளு வண்டியும் சாமான் பெட்டியும் இடிக்கும் இடங்களில், சாதாரண வலைக்குமேல் கனத்த வலை ஒன்று கூடுதலாகப் பதித்த சுவரா என்றும் கேட்க வேண்டும். மோட்டல் வாங்குபவர்களுக்கு இது மிக முக்கியம். விருந்தாளிகளின் பெட்டி தினமும் அந்தச் சுவரில்தான் மோதும்.

வாடகைப் பத்திரத்தில் 'ட்ரிபிள் நெட்' என்று ஒரு வகை அங்கே சாதாரணம். வாடகைக்கு மேல் கட்டட வரி, காப்பீடு, பராமரிப்பு மூன்றையும் வாடகைக்காரர்களே பங்கு போட்டுக் கட்ட வேண்டும். வாடகை குறைவாகத் தெரிகிறதே என்று மகிழ்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. வெளிச்சுவரும் கூரையும் யார் பொறுப்பு, நாம் வருமுன் உள்ளே இருக்கும் இற்றலுக்கு யார் பொறுப்பு, காலி செய்யும்போது போர்டுத் துளைகளை யார் அடைப்பது என்ற மூன்றும் பெயர் சொல்லி எழுதப்பட வேண்டும். கையெழுத்துக்கு முன் முகப்பையும் ஓரங்களையும் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டுப் பத்திரத்தோடு இணைத்துவிட வேண்டும். குடோன் பக்கமாக இருக்கும் பின்சுவரையும் அதில் சேர்க்க வேண்டும். பலர் அதை எடுப்பதில்லை.